பிள்ளையைச் சேர்ப்பதற்கு முன்: யாழ்ப்பாணத்தில் சிறிய வால்டோர்ஃப் உயர்பள்ளி கேட்கும் பெற்றோருக்கு ஒரு திறந்த மடல்

அன்பான பெற்றோருக்கும், வெளிநாடுகளில் இருந்துகொண்டு இந்த முயற்சிக்குத் தோள்கொடுக்க நினைக்கும் உறவுகளுக்கும்,

வணக்கம்.

பிள்ளை ரியூட்டரிக்கு ரியூட்டரி ஓடாமல், படிப்பை வெறுக்காமல், எட்டுப் பத்துப் பேர் இருக்கும் வகுப்பில் ஆறுதலாகப் படிக்க யாழ்ப்பாணத்தில் ஒரு வால்டோர்ஃப் உயர்பள்ளி (ருடோல்ஃப் ஸ்டைனர் வகுத்த கல்விமுறையில் ஒன்பது முதல் பன்னிரண்டு வரையான வகுப்புகள்) வராதா என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் பதில் தர எங்களால் முடியாது. இந்த மேல்வகுப்புகளில் கற்பிப்பவர்கள் என்ற முறையில், அப்படியொரு சிறிய பள்ளி எதைத் தரும், எதைத் தராது, எங்கே உடையும் என்பதை முன்கூட்டியே உங்களிடம் சொல்லிவிட விரும்புகிறோம். சேர்த்து இரண்டு வருடம் போனபின் இவை தெரியவந்தால் அந்தரப்படுவது பிள்ளைதான்.

முதலில் ஒரு எண் குழப்பம். வால்டோர்ஃப் முறையில் முதலாம் வகுப்புப் பிள்ளைக்கு ஆறு வயது முடிந்து ஏழு நடக்கும். இங்கே ஐந்து முடிந்ததும் தரம் 1. ஆகவே வால்டோர்ஃப் ஒன்பதாம் வகுப்பு வயதின்படி எங்கள் தரம் 10. பத்தாம் வகுப்பு தரம் 11. பதினொன்றும் பன்னிரண்டும் தரம் 12, 13. இந்த மடலில் 'வகுப்பு' என்றால் வால்டோர்ஃப் எண், 'தரம்' என்றால் அரச பாடசாலை எண் என்று கொள்ளுங்கள். சின்ன விஷயம் போலத் தெரியும். ஆனால் ஓலெவல் (க.பொ.த. சாதாரணதரப் பரீட்சை) பத்தாம் வகுப்பின் முடிவில் வருகிறது என்பதும், ஏலெவலின் (உயர்தரத்தின்) இரண்டு வருடமும் உயர்பள்ளியின் கடைசி இரண்டு வருடமும் ஒன்றின்மேல் ஒன்று விழுகின்றன என்பதும் இந்தக் கணக்கில்தான் வெளிக்கிறது. இந்த முயற்சியின் மிகப் பெரிய சிக்கல் அதுவே. பின்னால் அதற்கு வருகிறோம்.

இந்தக் கல்விமுறை 1919 செப்டெம்பர் 7 அன்று ஜேர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் தொடங்கியது. வால்டோர்ஃப் அஸ்தோரியா சிகரெட் தொழிற்சாலையின் உரிமையாளர் எமில் மோல்ட் தன் தொழிலாளரின் பிள்ளைகளுக்காக ஒரு பள்ளி கேட்டார். ஆஸ்திரிய மெய்யியலாளர் ருடோல்ஃப் ஸ்டைனர் அதை அமைத்துக் கொடுத்தார். ஆண், பெண், முதலாளி வீட்டுப் பிள்ளை, கூலி வீட்டுப் பிள்ளை எல்லோரும் பன்னிரண்டு வருடம் ஒரே வகுப்பில் படிப்பது அந்தக் காலத்தில் புதுமை. நாசிகள் 1938இல் அதை மூடினார்கள். போருக்குப் பின் மீண்டும் திறந்தது. தொழிலாளர் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய ஒன்று உலகின் பல இடங்களில் இன்று வசதியுள்ளவர்களின் பள்ளியாகிவிட்டது. 1945இல் இருந்து இலவசக் கல்வி நடக்கும் நாட்டில், கட்டணம் வாங்கும் ஒரு பள்ளியை நாங்கள் தொடங்குவதாக இருந்தால் இதை மறக்கக் கூடாது.

இனி, ஒரு நாள் எப்படி நடக்கும் என்று பார்ப்போம்.

காலையில் முதற் பாடம் ஒன்றேமுக்கால் மணி நேரம். அதற்கு முதன்மைப் பாடம் என்று பெயர். அதே பாடம், அதே ஆசிரியர், மூன்று அல்லது நான்கு வாரம் தினமும். நான்கு வாரம் இரசாயனவியல், அடுத்த நான்கு வாரம் வரலாறு, பிறகு கேத்திரகணிதம். இடைவேளைக்குப் பிறகு வரும் 40 நிமிடப் பாடங்கள் தமிழ், ஆங்கிலம், கணிதப் பயிற்சி, சங்கீதம் என்று வருடம் முழுவதும் ஓடும். மத்தியானத்தில் கைவேலை. எட்டாம் வகுப்பு வரை ஒரே வகுப்பாசிரியருடன் வந்த பிள்ளைகளுக்கு ஒன்பதில் இருந்து ஒவ்வொரு பாடத்துக்கும் அதில் தேர்ந்த ஒருவர் வருவார். ஒன்பதாம் வகுப்பில் பாடங்கள் 'என்ன?' என்று கேட்கும், பத்தில் 'எப்படி?', பதினொன்றில் 'ஏன்?', பன்னிரண்டில் 'யார்?'. பாடத்திட்டத்தை அடுக்கியவர்கள் பிள்ளையின் வயதைப் பார்த்தே அடுக்கியிருக்கிறார்கள்.

இது தாளில் அழகாக இருக்கும். வகுப்பில் எப்படி இருக்கும் என்பதற்குச் சுண்ணாம்பை எடுத்துக்கொள்வோம். யாழ்ப்பாணக் குடாநாடே சுண்ணாம்புக்கல்லின்மேல் இருப்பதால் கல்லுக்கு எங்கும் போகத் தேவையில்லை. வழமையாக ஏழாம் வகுப்பில் பிள்ளைகள் கல் எரிவதையும், நீறுவதையும், தெளிந்த சுண்ணாம்பு நீரில் ஊதினால் பால் நிறமாவதையும் கண்ணால் பார்ப்பார்கள். பத்தாம் வகுப்பில் அதே கல் தராசுக்கு வருகிறது.

முதல் நாள்: பாக்கு அளவு துண்டுகளாக உடைத்த கல் 100 கிராம். அதற்கு முந்திய நாளே வெயிலில் நன்றாக உலர்த்தியிருக்க வேண்டும்; ஈரம் இருந்தால் தணலில் வெடித்துச் சிதறும். சாதாரண அடுப்புத் தணல் போதாது, ஏறத்தாழ 900 பாகை வேண்டும். ஆகவே கொல்லன் உலை போல ஊதுதுருத்தி வைத்த கரி அடுப்பு. ஒன்றரை மணி நேரம் எடுக்கும் என்பதால் மணி அடிக்க முன்னரே தீ மூட்டிவிட வேண்டும். ஆறியதும் மூடியுள்ள தகரப் பேணியில் போட்டு உடனே நிறுக்க வேண்டும்; வெளியே வைத்தால் காற்றின் ஈரத்தைக் குடித்து நிறை கூடிவிடும். பிறகு மண்சட்டியில் போட்டு, தண்ணீரைக் கரண்டி கரண்டியாக விடுவது. சீறும், ஆவி எழும்பும், கல் பூத்து மாவாகும். எல்லோருக்கும் கண்ணாடிக் கவசம் கட்டாயம். அலுமினியச் சட்டி எடுக்கவே கூடாது. சுண்ணாம்பு அதைத் தின்று ஐதரசன் வாயுவைக் கிளப்பும். கண்ணில் தெறித்தால் குறைந்தது 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிக்கொண்டு, பிறகு நேரே ஆஸ்பத்திரி. இவ்வளவும் நடக்கும்போது ஆசிரியர் ஒரு விளக்கமும் சொல்லமாட்டார். துப்புரவாக்கிவிட்டு வீட்டுக்கு.

இரண்டாம் நாள் சோதனை இல்லை. நேற்று என்ன நடந்தது என்று பிள்ளைகள் ஒழுங்காக நினைவிலிருந்து சொல்ல வேண்டும். முதலில் வந்தது சத்தமா, ஆவியா? கல் எப்போது நிறம் மாறியது? ஒருவர் தவறவிட்டதை மற்றவர் பிடிப்பார். பிறகு கொப்பியில் எழுதுவது, வரைவது. மூன்றாம் நாள்தான் கணக்கு. 100 கிராம் தூய கல்சியம் காபனேற்று எரிந்தால் 44 கிராம் காபனீரொட்சைட்டு போய் 56 கிராம் கல்சியம் ஒட்சைட்டு மிஞ்ச வேண்டும். எங்கள் பேணியில் 63 கிராம் இருக்கிறது. அப்படியென்றால் 37 கிராம்தான் போயிருக்கிறது; நூற்றுக்கு 84 பங்கு எரிந்திருக்கிறது. மிச்சம் எங்கே? பெரிய துண்டு ஒன்றை உடைத்துப் பார்த்தால் நடுவில் சாம்பல் நிறத்தில் எரியாத கல். சமன்பாட்டைக் கரும்பலகையில் எழுதும் நேரத்தில் பிள்ளைக்கு அது ஏற்கெனவே கையால் தெரிந்த ஒன்று.

இப்படி ஒரு பாடத்துக்கு மூன்று நாள் வேண்டும். வழமையான பாடநூலில் இது ஒரு சிறு பகுதிதான். எவ்வளவு ஆழமாகப் போகிறோமோ அவ்வளவுக்குப் பரப்பு குறையும் என்பதை ஏற்றுக்கொள்ள முடியாதவர்கள் இந்த வழிக்கு வர வேண்டாம் என்று மனமாரச் சொல்கிறோம்.

ஒரே பாடத்தை நான்கு வாரம் நடத்தி விட்டுவிடுவதில் ஒரு உண்மையான ஆபத்தும் உண்டு. மறதி. வரலாற்றுக்கு அது நல்லது, அடியில் ஊறும். கணிதத்துக்கும் மொழிக்கும் நஞ்சு. பெப்ரவரியில் இருபடிச் சமன்பாடு படித்த பிள்ளை அதை ஜூலை வரை தொடாமல் இருந்தால் திரும்பவும் தொடக்கத்தில் இருந்துதான். ஆகவே முதன்மைப் பாடம் என்னவாக இருந்தாலும் கணிதப் பயிற்சி வாரத்துக்குக் குறைந்தது நான்கு பாடவேளை, ஆங்கிலம் நான்கு பாடவேளை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நேரசூசியில் இது இல்லாத பள்ளியில் பிள்ளையைச் சேர்க்காதீர்கள்.

சிறிய வகுப்பின் பலம் எங்கே தெரியும் என்றால், பத்தாம் வகுப்பின் நில அளவைப் பயிற்சியில். திரிகோணகணிதம் படித்த கையோடு பத்து நாள் வெளியில். ஒரு கோயில் கேணியைச் சுற்றி ஐந்து முளை அடித்து, தியோடலைற்று வைத்துக் கோணங்களும் 30 மீற்றர் இரும்பு நாடாவால் தூரங்களும் அளந்து வரைபடம் போடுவது. ஐங்கோணத்தின் உட்கோணங்கள் கூட்டினால் 540 பாகை வர வேண்டும். பிள்ளைகளுக்கு 539 பாகை 52 கலை வருகிறது என்று வையுங்கள். எட்டுக் கலை பிழை. இரண்டு கலை என்றால் ஐந்துக்கும் பங்கிட்டு விடலாம். எட்டைப் பங்கிடக் கூடாது, திரும்பப் போய் அளக்க வேண்டும். பெரும்பாலும் கருவியின் முக்காலி மணலில் இறங்கியிருக்கும், அல்லது முளையின் தலையைப் பாராமல் பக்கத்தைப் பார்த்திருப்பார்கள். நாடாவும் ஏமாற்றும். 20 பாகைக்குச் செய்த இரும்பு நாடா நடுவெயிலில் 45 பாகைக்குச் சூடானால் 30 மீற்றருக்கு ஏறத்தாழ 9 மில்லிமீற்றர் நீளும். 300 மீற்றர் சுற்றுக்கு அது 9 சென்ரிமீற்றர் அளவில் வரும். நாடா நீண்டால் அளவு குறைத்துக் காட்டும். ஒரு கதியால் தள்ளிப் போட்டதற்குத் தலைமுறையாக முகம் பாராத குடும்பங்கள் உள்ள ஊரில் 9 சென்ரிமீற்றர் எவ்வளவு என்று பிள்ளைக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. கடைசியில் பரப்பளவைச் சதுர மீற்றரிலும் பரப்பிலும் எழுதுவார்கள்: ஏக்கருக்கு 16 பரப்பு, ஒரு பரப்பு ஏறத்தாழ 253 சதுர மீற்றர். எட்டுப் பேர் என்றால் இரண்டு குழு, இரண்டு கருவி, ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வொரு முளையிலும் கண்வைத்துப் பார்க்கும். நாற்பது பேர் வகுப்பில் முப்பது பேர் குடை பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

பாடத்துக்கு ஊர் கைகொடுக்கும் இடங்கள் இன்னும் பல. ஒன்பதாம் வகுப்பு நிலவியலுக்குக் கிணற்றடியே போதும்: நன்னீர் கடல்நீரின்மேல் மிதக்கிறது, கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே கோட்பாட்டளவில் நாற்பது அடி வரை இருக்கும், மோட்டர் போட்டு இறைத்து மேல்மட்டத்தை இறக்கினால் கீழிருந்து உவர் ஏறும். கிழமைக்கு ஒருமுறை கயிற்றில் ஈயக்குண்டு கட்டி நீர்மட்டம் அளந்து ஒரு வருடம் வரைபு போட்டால் பிள்ளைக்கு வாழ்நாள் பாடம். பதினொன்றாம் வகுப்பில் ஐரோப்பாவில் பார்சிவால் கதையை வாசிப்பார்கள். கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விட்ட இளைஞன் அதைத் தேடி அலையும் கதை. எங்கள் பிள்ளைகளுக்கு அந்த இடத்தில் மணிமேகலை இருக்கலாம் என்பது எங்கள் எண்ணம். மணிபல்லவம் நயினாதீவுதான் என்று பலரும் கொள்கிறார்கள். குறிகட்டுவானில் இருந்து படகில் போய்ப் பார்த்துவிட்டு வந்து வாசிக்கலாம். ஸ்டுட்கார்ட் பாடத்திட்டத்தை அப்படியே மொழிபெயர்த்து இங்கே நடத்த முனைகிற பள்ளியை நாங்கள் நம்பமாட்டோம்.

கைவேலை பொழுதுபோக்கு இல்லை. செப்புத் தகட்டைத் தட்டிக் கிண்ணம் செய்யும் பிள்ளை, ஒவ்வொரு சுற்றுத் தட்டியபின்னும் மங்கிய சிவப்பாகச் சூடாக்கித் தண்ணீரில் போட்டு இளக்காவிட்டால் விளிம்பு வெடிக்கும் என்று தானே கண்டுபிடிக்கும். பனையோலைப் பின்னல் இங்கே பழகியவர்களிடமே பழகலாம். யூரித்மி என்ற அசைவுக் கலைக்கு மட்டும் இங்கே ஆசிரியர் கிடைப்பது அரிது. அதற்கான முழுநேரப் பயிற்சியே வழமையாக நான்கு வருடம். அதற்குப் பதிலாகக் கூத்து நடத்தினால் கூத்து என்றே சொல்ல வேண்டும், யூரித்மி என்று பெயர் போடக் கூடாது.

இனி ஆசிரியர் கணக்கு. சிறிய பள்ளிகள் உடைவது பெரும்பாலும் இங்கேதான்.

வருடத்துக்கு 36 வாரம், நான்கு வாரத்துக்கு ஒரு முதன்மைப் பாடம் என்றால் ஒரு வகுப்புக்கு 9. நான்கு வகுப்புக்கு 36. ஒரு ஆசிரியர் பாடநூல் இல்லாமல், சோதனைகளைத் தானே செய்து பார்த்து, தரமாக நடத்தக்கூடியது வருடத்துக்கு ஆறுதான். ஆக, குறைந்தது ஆறு முழுநேர ஆசிரியர். வகுப்புக்கு எட்டுப் பேராக 32 பிள்ளைகளின் கட்டணம் ஆறு பேரின் சம்பளத்தைத் தாங்குமா என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். தாங்காது என்று தெரிந்ததும் எல்லாப் பள்ளிகளும் செய்வது ஒன்றுதான்: 9, 10 ஐச் சேர்ப்பது, 11, 12 ஐச் சேர்ப்பது, பாடங்களை ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் மாற்றி நடத்துவது. எல்லாவற்றையும் அப்படிச் சேர்க்க முடிந்தால் 18 போதும். ஆனால் முடியாது. வரலாறு, இலக்கியம், ஓவிய வரலாறு, நிலவியல் இவற்றைச் சேர்த்து நடத்தலாம். கணிதத்தைச் சேர்க்கக் கூடாது. நில அளவையையும் சேர்க்கக் கூடாது, ஒன்பதாம் வகுப்புக்குத் திரிகோணகணிதம் வந்திராது. சேர்த்து நடத்தும்போது பதினான்கு வயதுக்கும் பதினாறு வயதுக்கும் ஒரே கேள்வியைக் கொடுக்காமல் வேறு வேறு வேலை கொடுக்கத் தெரிந்த ஆசிரியர் வேண்டும்.

இன்னொன்று. சிறிய பள்ளியில் ஒருவரே பௌதிகவியல், கணிதம், நில அளவை மூன்றையும் தாங்குவார். அவர் கனடாவுக்குப் போனால் மூன்றும் போகும். ஆகவே பள்ளியைப் பார்க்கப் போகும்போது கட்டடத்தைப் பார்ப்பதற்கு முன் இதைக் கேளுங்கள்: போன வருடம் பௌதிகவியல் யார் நடத்தினார்கள்? அதற்கு முதல் வருடம்? மூன்று வருடத்துக்கு மூன்று பெயர் வந்தால் யோசியுங்கள்.

கொப்பிகளையும் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஒவ்வொரு முதன்மைப் பாடத்துக்கும் பிள்ளை கோடில்லாத தாளில் தானே ஒரு கொப்பி ஆக்கும், அதுவே பாடநூல். ஒரே வகுப்புப் பிள்ளைகள் இருவரின் கொப்பியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே பக்கத்தைத் திறவுங்கள். வசனங்கள் ஒன்றாக இருந்தால் அது கரும்பலகையைப் பார்த்து எழுதியது. கீழ்வகுப்பில் அது பரவாயில்லை. உயர்பள்ளியில் அது நிறம் தீட்டிய நோட்ஸ், அவ்வளவுதான். கொப்பிக்குப் பின்னேரத்தில் முக்கால் மணி நேரம் வேண்டும். இரண்டு மணிக்கு வந்து மூன்று மணிக்கு ரியூசன், ஏழு மணிக்கு வீடு என்று பிள்ளையை விட்டால் அந்தக் கொப்பி எழுதப்படாது, இரண்டாம் நாள் நினைவுகூரலும் நடக்காது. இரண்டு தோணியில் கால் வைத்தால் இரண்டுக்கும் காசு கட்டி இரண்டையும் இழப்பீர்கள்.

இப்போது பரீட்சை.

ஓலெவலில் ஒன்பது பாடம். சமயம், தாய்மொழி, ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு ஆறும் கட்டாயம். மூன்று தொகுதிகளில் இருந்து ஒவ்வொன்று. இதைச் சிறிய வால்டோர்ஃப் பள்ளி சமாளிக்கலாம் என்பது எங்கள் தீர்ப்பு. காரணம், தரம் 10, 11 பாடத்திட்டம் வகுப்பு 9, 10 உடன் பாதியளவு ஒட்டுகிறது. சித்திரம், நாடகமும் அரங்கியலும், சங்கீதம் போன்றவற்றுக்கு இந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே கை பழகியிருப்பார்கள். ஒட்டாத பாதி எது என்று ஒன்பதாம் வகுப்புத் தொடக்கத்திலேயே பாடநூலைப் பிரித்து வைத்துக் குறித்துவிட வேண்டும்: சமயம், இலங்கை வரலாற்றின் சில அலகுகள், விஞ்ஞானத்தில் நாங்கள் பதினொன்றாம் வகுப்பில் எடுக்கும் மின்னும் கலமும். பத்தாம் வகுப்பின் கடைசித் தவணையை முழுக்கக் கடந்தகால வினாத்தாளுக்குக் கொடுக்க வேண்டும். அந்தத் தவணை வால்டோர்ஃப் தவணை அல்ல. அதை மறைக்காமல் சொல்லிவிட்டுச் செய்கிற பள்ளி நல்லது. பள்ளிக்கு அரச அங்கீகாரம் இல்லாவிட்டால் பிள்ளை தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத்தான் தோற்ற வேண்டும்; விண்ணப்பத் திகதியைத் தவறவிட்டால் ஒரு வருடம் போகும். அந்தப் பொறுப்பு யாருடையது என்று எழுத்தில் கேளுங்கள்.

ஏலெவல் வேறு கதை. எட்டுப் பேரில் மூன்று பேர் பயோ, இரண்டு பேர் மட்ஸ், மூன்று பேர் கலை கேட்டால் உயிரியல், இரசாயனவியல், பௌதிகவியல், இணைந்த கணிதம், அதோடு கலைக்கு மூன்று. எட்டுப் பிள்ளைக்கு ஏழு பாடம், இரண்டு வருடம், பல்கலைக்கழக அனுமதியைத் தீர்மானிக்கும் இசட் புள்ளிப் போட்டிக்கு. ஆறு ஆசிரியர் உள்ள பள்ளியால் இது முடியாது. முடியும் என்று யாராவது சொன்னால் அவர்கள் கணக்குப் பார்க்கவில்லை. முடியும் என்று சொல்லித் தொடங்கினால் பதினொன்றும் பன்னிரண்டும் வெறும் ரியூட்டரியாகிவிடும். அந்த இரண்டு வருடத்தில்தான் எறிய கேத்திரகணிதம், அணு, ஒளியியல், பரிணாமம், வகுப்பு நாடகம், ஒரு வருடத் தனிச்செயற்திட்டம் எல்லாம் இருக்கின்றன. பயிர் விளையும் நேரத்தில் அறுத்து எறிவது போல.

ஆகவே பதினாறு வயதில் மூன்று பாதைதான் உண்டு. வைத்தியம், பொறியியல் என்று பிள்ளை உறுதியாக இருந்தால் ஓலெவல் முடிந்ததும் நல்ல அரச பாடசாலைக்கு அனுப்புங்கள். அது தோல்வி இல்லை, அவதானிக்கப் பழகிய பிள்ளையாகப் போகும். அல்லது பன்னிரண்டாம் வகுப்பு வரை முழுதாக இருந்துவிட்டு, பின்னர் தனிப்பட்ட பரீட்சார்த்தியாக ஏலெவல் எடுக்கலாம். ஒன்றரை, இரண்டு வருடம் பிந்தும் என்பதைக் குடும்பம் ஏற்க வேண்டும். அல்லது லண்டன் ஏலெவல், அதாவது பிரித்தானியப் பரீட்சை. செலவு அதிகம், இசட் புள்ளி கிடையாது, அரச பல்கலைக்கழகத்தின் வழமையான வாசல் திறக்காது. எந்தப் பாதை என்று இன்றே முடிவெடுக்கச் சொல்லவில்லை. இந்த மூன்றும்தான் இருக்கின்றன என்று ஒன்பதாம் வகுப்புக்கு முன்னரே பிள்ளையோடு இருந்து பேசிவிடுங்கள்.

பதிவு பற்றியும் ஒரு சொல். 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு 5 முதல் 14 வயது வரையான பிள்ளைகளுக்கு இங்கே புதிதாகத் தனியார் பாடசாலை தொடங்க இடமில்லை. சர்வதேசப் பாடசாலைகள் கம்பனிகளாகப் பதிந்து நடப்பது அதனால்தான். 16 வயது வரை கல்வி கட்டாயம். பள்ளி எந்தப் பெயரில் எங்கே பதிந்திருக்கிறது, அது தரும் விடுகைப் பத்திரத்தை அரச பாடசாலை ஏற்குமா என்று வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். வால்டோர்ஃப் பள்ளிகள் புள்ளி போடாமல் பிள்ளையைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுக்கும். பெற்றோருக்கு அது அருமையானது; வேறு பாடசாலை அதிபருக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. பாடம், மணித்தியாலம், தேர்ச்சி மூன்றும் உள்ள அட்டவணை ஒன்றும் கூடவே வேண்டும்.

எட்டுப் பேர் வகுப்பில் ஒளிய இடமில்லை. வீட்டுவேலை செய்யாதது, அழுதுவிட்டு வந்தது, விளங்காமல் தலையாட்டியது எல்லாம் ஆசிரியருக்கு அன்றே தெரியும். ஆனால் இரண்டு பேர் கோபித்தால் முழு வகுப்பும் இரண்டாகும். உற்ற சிநேகிதி ஒருத்தி வெளிநாடு போனால் அந்தப் பிள்ளைக்கு வேறு ஆள் இல்லை. கிரிக்கெட்டுக்குப் பதினொரு பேர் சேராது, கரப்பந்துக்கு ஆறு பேர் சேரலாம். விளையாட்டில் உயிராக இருக்கும் பிள்ளையை ஊர் விளையாட்டுக் கழகத்தில் சேர்த்துவிடுங்கள், சிநேகிதமும் அங்கே கிடைக்கும். அரச பாடசாலையில் இருந்து ஒன்பதுக்கு வரும் பிள்ளை முதல் தவணை முழுக்க 'நோட்ஸ் எப்ப தருவீங்கள்' என்று காத்திருக்கும். நெருக்காதீர்கள், இரண்டாம் தவணையில் கொப்பி பேசத் தொடங்கும்.

சமயம் பற்றிச் சைவக் குடும்பங்களும் கத்தோலிக்கக் குடும்பங்களும் கேட்பது சரியான கேள்வி. ஸ்டைனரின் மானிடஞானம் என்ற ஆன்மீகக் கொள்கை இந்த முறையின் பின்னால் இருக்கிறது. ஆசிரியர்கள் அதைப் படிப்பார்கள், பிள்ளைகளுக்குப் பாடமாக நடத்தக் கூடாது. காலையில் சொல்லும் பாவின் தமிழ் வடிவத்தைக் கேட்டு வாங்கி வாசியுங்கள். ஸ்டைனர் மனித இனங்களைப் பற்றிச் சொன்ன சில கருத்துகள் பிழையானவை, புண்படுத்துபவை. ஜேர்மன் வால்டோர்ஃப் பள்ளிகளின் ஒன்றியம் 2007இல் ஸ்டுட்கார்ட் பிரகடனத்தில் இனப் பாகுபாட்டை வெளிப்படையாக நிராகரித்தது. பள்ளி இதைத் தானே எடுத்துச் சொல்கிறதா, கேட்டால் மழுப்புகிறதா என்று பாருங்கள். நூறு வருடத்துக்கு முந்திய விஞ்ஞானத்தை இன்றைய விஞ்ஞானமாக நடத்தினாலும், வெளிநாட்டில் சில வால்டோர்ஃப் சமூகங்களில் இருப்பது போலத் தடுப்பூசிக்குத் தயங்கினாலும், அந்தப் பள்ளி வேண்டாம்.

வெளிநாட்டு உறவுகளுக்கு ஒரு வேண்டுகோள். பெயர்ப்பலகையோடு இரண்டு மாடிக் கட்டடம் கட்டித் தர வேண்டாம். ஓலைக் கொட்டிலில் சுண்ணாம்பு எரிக்கலாம். ஆசிரியர் இல்லாத ஆய்வுகூடத்தில் எலிதான் குடியிருக்கும். அந்தப் பணத்தை மூன்று வருடச் சம்பளமாக வங்கியில் போடுங்கள். இந்தியாவில் ஹைதராபாத், மும்பை, கோயம்புத்தூர் போன்ற இடங்களில் வால்டோர்ஃப் வழியில் நடக்கும் பள்ளிகள் இருக்கின்றன. இங்குள்ள இளம் ஆசிரியர்கள் இருவரையாவது அங்கே ஒரு தவணை இருந்து பார்த்துவிட்டு வர அனுப்புங்கள். அரச பாடசாலையில் நிரந்தர நியமனமும் ஓய்வூதியமும் விட்டுவிட்டு இதற்கு வரும் ஒருவருக்கு நீங்கள் எதைக் கொடுக்கப் போகிறீர்கள் என்று முதலில் தீர்மானியுங்கள்.

பெற்றோரே, தொடக்கக் கூட்டத்துக்கு வரும்போது அமைப்பாளர்களிடம் மூன்று தாள் கேளுங்கள். எந்த முதன்மைப் பாடம் எந்த மாதம் யார் நடத்துகிறார் என்று பெயருடன் எழுதிய வருட நேரசூசி. ஓலெவலுக்கும் அதற்குப் பின்னைய மூன்று பாதைகளுக்கும் பள்ளி எதைப் பொறுப்பேற்கும், எதைப் பொறுப்பேற்காது என்ற ஒரு பக்கம். சம்பளக் கணக்கு. மூன்றும் கையில் கிடைத்தால், இரசாயனவியல் நடக்கும் ஒரு வாரத்தில், சோதனைக்கு மறுநாள் காலை வந்து பின் வாங்கில் இருங்கள். பிள்ளைகள் நேற்றுப் பார்த்ததை எப்படிச் சொல்கிறார்கள் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
மேல்வகுப்பு ஆசிரியர்கள் சிலர்
யாழ்ப்பாணம்